சாம்பல் நிறத்துக்கு என்ன பொருள்

அண்ணன் இறந்துபோன பிறகு ஒரு முற்பகல் முழுவதும் நானும் மதினியும் அவனை உயிரோடு தேடிக்கொண்டிருந்தோம்.

அண்ணனுக்குக் குர்லாவில் வெல்டிங் பட்டறை ஒன்றில் வேலை. நாங்கள் இருவரும் தாராவியில் பிறந்தவர்கள். கல்யாணமாகி நான் செம்பூருக்கு வந்துவிட்டேன். அவன் அங்கேயே, அப்பா விட்டுப்போன அறையில், மதினியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தான். அந்த வருஷத்து மழையில் குர்லா தண்டவாளம் முங்கி ரயில்கள் நின்றுபோன நாளில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வீடு வந்து சேர்ந்தான். காலில் பட்டறையில் தகடு கிழித்த சின்னக் காயம் இருந்தது. அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, பிறகு மஞ்சளாயிற்று. எலிக்காய்ச்சல் என்றார் தெரு முனை டாக்டர். உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்.

டிரஸ்ட் ஒன்று நடத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது. மறுநாள் சாயங்காலம் பார்க்கப் போனபோது அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு ஹிந்தியில் வம்பளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, இங்க போடுத சோத்த வாயில வைக்க முடியல. நாளைக்குக் கஞ்சி வச்சுக் கொண்டா" என்றான். கூடவே தேங்காய்த் துவையலும் வேண்டும் என்றான். துவையலெல்லாம் டாக்டர் சொன்னால்தான் என்று மதினி சிரித்தாள். பிழைத்துக்கொண்டான் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் காலை கஞ்சித் தூக்கோடு போனோம். உள்ளே விடுவதற்கு முன் கவுன்டரில் பெயர் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். கவுன்டரில் நீலச் சீருடை போட்ட ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், மராத்திக்காரப் பெண். அண்ணன் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

"ஷிஃப்ட் ஹோ கயா" என்றாள். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

எங்கே என்று கேட்டேன். அது இங்கே காட்டவில்லை, மாடியில் ஐ.சி.யூ.வில் கேளுங்கள் என்றாள். நல்லபடியாகத்தான் பதில் சொன்னாள். எரிந்து விழவில்லை.

ஐ.சி.யூ. வாசலில் இருந்த காவலாளி உள்ளே கேட்டு வந்து இல்லை என்றார். சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸுக்குக் கொண்டுபோவார்கள், பின்பக்கக் கட்டடம் என்று யாரோ சொன்னார்கள். மழையில் முற்றத்தைக் கடந்து ஓடினோம். கஞ்சி ஆறிவிடக் கூடாது என்று மதினி தூக்கைச் சேலைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கேயும் இல்லை. திரும்பி வந்து வார்டுக்குப் போனால் அண்ணன் கட்டிலில் வேறொரு கிழவர் படுத்திருந்தார். விரிப்பு புதிதாக இருந்தது. அப்போதுதான் டியூட்டி மாறி வந்திருந்த சின்ன நர்ஸ், ஷிஃப்ட் விஷயமெல்லாம் கவுன்டரில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ஊசித் தட்டோடு நகர்ந்துவிட்டாள். படியிறங்கும்போது அண்ணனின் போனுக்கு அடித்தேன். அது போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி கவுன்டர். அந்தப் பெண் மறுபடி பார்த்தாள். "க்ரே ஹை நா, தீதி. ஷிஃப்ட் ஹீ ஹை" என்றாள். சாம்பல் நிறத்தில் இருக்கிறது அக்கா, ஆகவே மாற்றித்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது தடவை வார்டுக்குப் போனபோது நான் நர்ஸ் மேஜையை விட்டு நகரவில்லை. வயதான மலையாளி நர்ஸ் ஒருவர் வந்தார். தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் பெயர் இருந்த வரி மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. வேறு எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. நர்ஸ் அதைப் பார்த்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆரும் சொல்லலையா?" என்றார்.

மதினிக்கு அது விளங்கவில்லை. "எந்த வார்டு சிஸ்டர்? சொல்லுங்க, நாங்க போய்க்கிடுதோம்" என்றாள். நர்ஸ் அவள் கையிலிருந்த தூக்கை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

விடியும்போதே போய்விட்டிருக்கிறான். ரத்தம் கக்கி, சில நிமிஷங்களில். வீட்டுக்குத் தகவல் சொல்லப் பதிவேட்டில் இருந்த நம்பருக்கு ஆபீஸிலிருந்து அடித்திருக்கிறார்கள். சேர்க்கும்போது அவன் தன் நம்பரையே கொடுத்திருந்தான். அந்த போன் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அடித்ததும் நான் அடித்ததும் அங்கேதான் ஒலித்திருக்கிறது.

பட்டறை ஆட்கள் திரண்டு வந்து கவுன்டரில் சத்தம் போட்டார்கள். அந்தப் பெண்ணை ஒருவர் அடிக்கவே போனார். நான் குறுக்கே நின்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நான் மதினியோடு பிணவறை வாசலில் இருந்தேன். சத்தம் மட்டும்தான் கேட்டது.

இறப்புச் சான்றுக்கான காகிதங்களை வாங்கப் போன அன்று அந்தக் கவுன்டர்ப் பெண் என்னை அடையாளம் கண்டு ஓரமாகக் கூப்பிட்டாள். மானிட்டரை என் பக்கம் திருப்பினாள். "பாருங்கள் தீதி, எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீலம் என்றால் உள்ளே இருக்கிறார். பச்சை என்றால் வீட்டுக்குப் போய்விட்டார். சாம்பல் என்றால் ஷிஃப்ட். வார்டில் சாம்பலுக்கு வேறு அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்?" ஹிந்தியில் மெதுவாகத்தான் பேசினாள்.

எனக்கு வேலையே நிறத்தோடுதான். குர்லாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் மருந்து அட்டைப்பெட்டிகளும் ஊறுகாய் லேபிள்களும் வடிவமைக்கிறேன். ஒரே கம்பெனியின் இரண்டு மருந்துகளுக்கு ஒரே பட்டை நிறம் வந்துவிட்டால் அச்சுக்குப் போன வேலையைக்கூட நிறுத்திவிடுவோம். இங்கே ஒரே ஆஸ்பத்திரியின் இரண்டு திரைகளில் ஒரே நிறத்துக்கு இரண்டு பொருள்.

திரையின் அடியில் பொடி எழுத்தில் அந்த மென்பொருளின் பெயர் இருந்தது. பக்கத்தில், இது திறந்த மூல மென்பொருள் என்ற ஒரு வரி. அதாவது உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதை உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். எங்கள் அலுவலகத்தில் படம் வரைவதும் அப்படியொரு மென்பொருளில்தான். அதனால் எனக்கு அந்த வரி புரிந்தது.

அடுத்த முறை போனபோது கவுன்டரில் வேறொரு பெண் இருந்தாள். அலுவலக மேனேஜரிடம் முன்னவளைப் பற்றிக் கேட்டேன். "காண்ட்ராக்ட் ஆள்தான் மேடம். நிறுத்திவிட்டோம். ஆக்‌ஷன் எடுத்தாயிற்று" என்றார், எனக்கு ஏதோ நல்லது செய்து முடித்தவர் மாதிரி. அவள் தப்பு இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த கோப்பை எடுத்தார்.

அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் இணையத்தில் கூடும் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். குறை சொல்ல ஓர் இடம் இருந்தது. என் அண்ணனுக்கு நடந்ததை எழுதினேன். ஆங்கிலம் கோபத்தில் தாறுமாறாக வந்தது. திருத்தவில்லை. இரண்டு நாளில் பதில் வந்தது. வருந்துகிறோம். ஒவ்வொரு திரையையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதியிருக்கிறார்கள். எந்த நிறம் எதற்கு, எந்தச் சின்னம் எதற்கு என்று எங்களிடம் பொதுவான விதிகள் கிடையாது. நீங்கள் வடிவமைப்பாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். உதவ முடியுமா?

லேப்டாப்பை மூடிவிட்டேன். என்னிடமே வேலை கேட்கிறார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது. என் கணவர், "விடு, அதையெல்லாம் போய்த் தோண்டாதே" என்றார். பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் விட்டுத்தான் இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த மென்பொருளின் திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மருந்தகத் திரையில் சாம்பல் என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் சாம்பல் என்றால் முடிவு இன்னும் வரவில்லை. சிவப்பு ஓரிடத்தில் அவசரம், இன்னோரிடத்தில் வெறும் 'ரத்து செய்' பொத்தான். சாம்பலிலேயே எத்தனை வகை! பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மழைக்கால வானம் போல இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பதில் எழுதியவர் வாஷியில் இருந்தார். அந்த மென்பொருளைப் பராமரிக்கும் மூன்று பேரில் ஒருவர். வேறு கம்பெனியில் சம்பள வேலை, இது மிச்ச நேரத்தில். பிறந்து வளர்ந்தது மாதுங்காவில் என்றும், அங்கே அப்பா அம்மாவைப் பார்க்க வரும்போது சந்திக்கலாம் என்றும் எழுதினார். மாதுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஓட்டலில் சந்தித்தோம். நாற்பது வயது இருக்கும். தலை நரைத்திருந்தது.

"நீங்க எழுதினதை நாலஞ்சு தடவை படிச்சேன்" என்றார்.

"வார்டுத் திரையை யார் எழுதினது?" என்று கேட்டேன். இதைக் கேட்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"நான்தான்" என்றார்.

பிறகு சொன்னார்: "செத்துப்போனவாளுக்குக் கறுப்பு போட்டாக் கொடூரமா இருக்கும்னு நெனச்சேன். செவப்பு எமர்ஜென்சிக்கு வெச்சாச்சு. அதான் க்ரே. அன்னிக்கு அது ஒரு பெரிய விஷயமாவே தோணலை. ரெண்டு நிமிஷத்துல பண்ணிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன்."

"கவுன்டர்த் திரை?"

"அது வேற ஒருத்தர். இப்போ இதுல இல்லை. வார்டுல போடற கலர் அங்கேயும் அப்படியே வரும். அவர் ஷிஃப்டுக்குக் க்ரே போட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிண்டிருக்கணும்."

சாக்குப்போக்கு சொல்வார் என்று எதிர்பார்த்துப் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒரு சாக்கும் சொல்லாததால் அந்தப் பேச்சு வீணாயிற்று. காப்பி வந்தது. ஆறியது. மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"என்ன கலர் போடலாம், நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

"கலரே வேண்டாம். எழுதுங்க."

"என்னன்னு?"

"செத்துட்டார்னு எழுதுங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியட்டும்."

அவர் தன் போனில் அதைக் குறித்துக்கொண்டார். ஆங்கிலத்தில்தான் குறித்தார். தமிழ் பேசுவதோடு சரி, படிக்கத் தடுமாறும் என்றார்.

அப்படித்தான் அந்த விதிகளை எழுத ஆரம்பித்தோம். நிறம் தனியாக எதையும் சொல்லக் கூடாது. கூடவே எழுத்து இருக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு எல்லாத் திரைகளிலும் ஒரே பொருள்தான். ஒருவர் இறந்திருந்தால் வார்டுத் திரையில் அது வார்த்தையாகவே இருக்க வேண்டும். கவுன்டர்த் திரையில் மட்டும், 'வார்டு நர்ஸைக் கூப்பிடவும், உறவினரை உட்கார வைக்கவும்' என்று வர வேண்டும். அந்தச் செய்தியைச் சொல்லும் பாரம் கவுன்டரில் இருக்கும் சின்னப் பெண்ணின் தலையில் விழக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதும்போது எனக்கு அவள் மானிட்டரைத் திருப்பிக் காட்டியது நினைவில் இருந்தது.

எழுதுவது சுலபமாக இருந்தது. ஒப்புக்கொள்ள வைப்பதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. மென்பொருளில் பங்கெடுப்பவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். பொத்தான்களின் இடைவெளிக்கு ஒரு சண்டை, எழுத்தின் அளவுக்கு ஒரு சண்டை. அவற்றைத் தாங்கிக்கொண்டேன். குளிர் தேசத்து ஆள் ஒருவர் இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்திச் சின்னம் போடலாம் என்றார். இன்னொருவர் 'எக்ஸ்பயர்ட்' என்ற சொல்லே போதும், ஆஸ்பத்திரிகளில் அதுதான் வழக்கம் என்றார். காலாவதி என்று பொருள் தரும் அந்தச் சொல்லைத் தினமும் மருந்துப் பெட்டிகளில் அச்சுக்கு வைக்கிறவள் நான். அது மருந்துக்கு. என் அண்ணனுக்கு அதைப் போட விட மாட்டேன் என்று எழுதினேன். அந்தச் சொல் நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் சில ஆஸ்பத்திரிகள் அந்த மென்பொருளை வைத்திருந்ததால் தமிழ்ச் சொல்லும் தேவைப்பட்டது. மதினி ஊரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். என்னைவிட அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும். பிள்ளைகளோடு செம்பூர் வந்த ஒரு நாள் அவளிடம் திரையைக் காட்டினேன்.

"காலமானார்னு போடலாமா மதினி? இறந்தார்னு போடலாமா?"

"காலமானார்னா போஸ்டர்ல போடுதது. இறந்துட்டார்னு போடு. அன்னைக்கு அந்தப் பிள்ள அப்படிச் சொல்லியிருந்தாள்னா நான் கஞ்சியத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஏறியிருப்பேனா?"

நான் அதைத் தட்டச்சு செய்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதச் செஞ்சா அவிய வந்துருவாவளா?"

"இல்ல மதினி."

"பின்ன ஆருக்குச் செய்தே?"

வேறு யாருக்காவது உதவும் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது வெறுமையாகக் கேட்டது. மதினி இளையவளின் வாயைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் கழித்து, "அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கெடச்சுதா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவளைத் தேடி அதற்குள் இரண்டு முறை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டிருந்தேன். நம்பர் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. இன்று வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

அடுத்த மழைக்கு முன் விதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. புதிய பதிப்பு வந்தது. வாஷிக்காரர் போனில் கூப்பிட்டு, "முடிஞ்சுடுத்து" என்றார். பிறகு அவர் வைத்துவிட்டார்.

விதிகளை அச்செடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே மேனேஜர்தான். புரட்டிப் பார்த்தார். அந்த மென்பொருளை இங்கே பொருத்திக்கொடுத்தது வேறொரு கம்பெனி, அவர்கள் தங்கள் வசதிக்குச் சில மாற்றங்கள் செய்திருக்கிறார்கள், புதிய பதிப்பை ஏற்றினால் அதெல்லாம் போய்விடும் என்றார். "சிஸ்டம் நன்றாக ஓடுகிறதே மேடம். ஓடுகிறதை ஏன் தொட வேண்டும்?" வாஷிக்காரரும் எழுதிப் பார்த்தார். தானே வந்து இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். அவருக்குப் பதிலே வரவில்லை. என் அண்ணன் செத்த ஆஸ்பத்திரியில் இன்றும் பழைய பதிப்புதான் ஓடுகிறது. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று புதியதை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து வந்த படத்தை வாஷிக்காரர் எனக்கு அனுப்பினார். திரை சரியாக இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

மதினி இப்போது விக்ரோலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலைக்குப் போகிறாள். மூத்தவள் ஹிந்தியில்தான் பேசுகிறாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். வாஷிக்காரருக்கும் வேலை போய்விட்டது. புது வேலை தேடும் அலைச்சலில் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. விதிகளைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு மாற்றம் முன்மொழிந்திருக்கிறார். 'இறந்துவிட்டார்' என்ற சொல் கடுமையாக இருக்கிறதாம். தற்செயலாகத் திரையைப் பார்க்கும் உறவினர் மனம் புண்படும். அதை எடுத்துவிட்டு மென்மையான ஒரு நிறத்தால் காட்டலாம் என்று மிகவும் பண்பாக எழுதியிருக்கிறார். அண்ணனைப் பற்றி, மழையைப் பற்றி, மூன்று முறை ஏறிய மாடிப் படிகளைப் பற்றி நீளமாக ஒரு பதில் எழுதினேன். படித்துப் பார்த்து அழித்தேன். ஒவ்வொரு முறையும் அவனைக் கொண்டுவந்து நிறுத்தித்தான் ஒரு விதியைக் காப்பாற்ற வேண்டுமா என்று இருந்தது. நிறம் தனியாக எதையும் சொல்லக் கூடாது என்பது நம் முதல் விதி, ஆகவே இதை ஏற்க முடியாது என்று மட்டும் எழுதினேன். விதிகள் மாறக்கூடியவைதானே என்று அவர் கேட்டார்.

செம்பூரில் ரயில் ஏறியதும் போனைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இன்று காலை பார்த்தபோது அவருக்கு ஆதரவாக இன்னும் இருவர் சேர்ந்திருந்தார்கள். பதில் எழுதத் தொடங்குவதற்குள் குர்லா வந்துவிட்டது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய் என்னை இறக்கிவிட்டது.